உள்ளங்கையில் சாவி, ஊர் கையில் படம்

சாவிக்காரரின் கடை ஒரு ஆள் அகலம், முக்கால் ஆள் ஆழம். தும்ம வேண்டுமென்றால் தலையை வெளியே நீட்டித்தான் தும்ம வேண்டும். அதற்குள் உட்கார்ந்து முப்பது வருடமாகச் சாவி வெட்டுகிறார். யாராவது சாவியைக் கொடுத்தால் உடனே உள்ளங்கையால் மூடிக்கொள்வார். வீடு எங்கே என்று கேட்கவே மாட்டார். அவர்களாகச் சொல்ல வந்தாலும், "அது எனக்கு எதுக்குங்க?" என்று அரத்தைப் பரபரவென்று தேய்த்து அந்தச் சத்தத்தில் விலாசத்தை அமுக்கிவிடுவார். சாவியும் விலாசமும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. அவர் பிடித்த ஒரே விரதம் அது.

அப்பேர்ப்பட்டவர் பெற்ற மகள் போன மாதம் வீடு வாங்கினாள். வாங்கியதும் ஒட்டடை அடிப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் பழைய ஆள். அவள் படம் எடுத்துப் போட்டாள். உள்ளங்கையில் சாவி. பின்னால் கதவு. கதவில் எண். சாவியின் பற்கள் பற்பசை விளம்பரத்தில் வருகிற பற்கள் மாதிரி பளிச்சென்று இருந்தன. பக்கத்தில் மாப்பிள்ளை இரண்டு விரலை உயர்த்திக்கொண்டு நின்றார். எதை வென்றார் என்று இன்றுவரை தெரியவில்லை.

சாவிக்காரரின் போன் பேசுவதற்கு மட்டும். அதனால் படம் அவரிடம் சுற்றிக்கொண்டுதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒருவன் கடைக்கு வந்தான். இஸ்திரி கலையாத சட்டை, பவ்யமான குரல், புருவத்தின் மேல் ஒரு மச்சம்.

"அண்ணே, வீட்டுச் சாவி தொலைஞ்சுபோச்சு. போட்டோ இருக்கு. இதைப் பார்த்து வெட்ட முடியுமா?"

போனில், பெரிதாக்கிய சாவி. சாவிக்காரருக்கு முகம் மறக்கும், சாவிப் பல் மறக்காது. போதாததற்கு அதன் தோளில் ஒரு சின்ன அரக் கீறல். தான் வெட்டும் சாவிகளுக்கெல்லாம் அவர் போடும் அடையாளம். இதைப் போன மாதம் மகளுக்கு வெட்டிக் கொடுத்தார்.

போனைத் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் எதையும் காட்டவில்லை.

"மெஷின் பெல்ட் அறுந்துபோச்சு தம்பி. நாளைக்கு வாங்க."

"பரவாயில்லண்ணே. அடுத்த தெருவுல ஒரு கடை இருக்காமே."

அடுத்த தெருக்காரர் கேள்வி கேட்டே பழக்கமில்லாத கெட்டிக்காரர். சாவிக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டு, புதுப் பூட்டு ஒன்றையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்கு ஓடினார்.

"என்னப்பா திடீர்னு?"

"பூட்டை மாத்தணும். தள்ளு."

கழற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். மகள் சிரித்தாள். "ஐயோ அப்பா, அதைப் பார்க்கிறவங்க எல்லாம் நம்ம ஃபிரெண்ட்ஸ்தான்."

"எத்தனை பேரு?"

"ஆயிரத்துச் சொச்சம்."

"உன் கல்யாணத்துக்கே இருநூறு பேர்தான்டி வந்தாங்க. அவனுக்குப் புருவத்துக்கு மேல மச்சம். இருக்கானா பாரு."

கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனவள் நின்றாள். "இவரா? ரொம்ப மரியாதையானவருப்பா. முதல் வாழ்த்தே இவரோடதுதான்."

வாசித்துக் காட்டினாள். 'வாழ்த்துகள் சகோதரி! எந்த ஏரியா?' என்று அவன் கேட்டிருந்தான். இவள் தெருவையும் மாடியையும் சொல்லி, இரண்டு கும்பிடு பொம்மையும் போட்டிருந்தாள். 'லீவுக்கு வீட்டில்தானா?' 'இல்லண்ணா, வெள்ளி டு ஞாயிறு பீச் ட்ரிப்!' அதற்குக் கீழே அவன் ஒரு சிவப்பு இதயம் வைத்திருந்தான். அந்த இதயத்துக்கு வந்ததும் மகள் செருப்பு ஸ்டாண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சாவி, விலாசம், ஆள் இல்லாத நாள். மூணையும் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்க." அழுகின தக்காளியில் கை வைத்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். "சீ! திருடனாவது கூச்சப்பட்டு மறைஞ்சு வர்றான்."

அவள் படத்தை அழித்தாள். அவன் போனில் இருக்கிற படத்தை யார் அழிப்பது?

பூட்டு மாட்டியாயிற்று. புதுச் சாவிகளை எடுத்து மகளிடம் நீட்டினார். பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல், வர்ணனைக்காரர் ஏற்ற இறக்கத்தோடு:

"நண்பர்களே, நம்ம வீட்டுப் பாதுகாப்புக்காக என் மாமனார் தன் கையாலேயே..."

போனின் கண் சாவிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"இது இப்பவே போய்க்கிட்டு இருக்கா?"

"ஆமா மாமா, நாற்பது பேர் பார்க்கிறாங்க! ஒரு ஹாய் சொல்லுங்க."

சாவிக்காரர் ஹாய் சொல்லவில்லை. சாவிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இப்போதுதான் மாட்டிய பூட்டைக் கழற்ற ஆரம்பித்தார். மகள் எழுந்து வந்து கணவன் கையிலிருந்த போனைப் பிடுங்கி அணைத்தாள்.

"அப்பா, வேற பூட்டு இருக்கா?"

"கடையில இருக்கு."

"எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் நான் வாசல்ல உட்கார்ந்திருக்கேன்." கணவனைக் காட்டினாள். "இவரையும் கூட்டிட்டுப் போங்க."