ஏலக்காய்ச் சாக்கும் என் ஹீட்டர் காரும்

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, கார் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “சூடாகு... சூடாகித் தொலையேன்!” என்று எஞ்சினிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் படபடப்பு அடங்கவில்லை. எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. அச்சுக் கோப்பவர் மன்னிக்க வேண்டும்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என் காரைத் தெரியும். எங்கள் எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது ஆபீஸ் கிளார்க்கான என் தலையில் கட்டிவிட்டுப் போன கிழட்டு வண்டி. ஆனால் அதில் ஒரு விசேஷம் உண்டு — ஹீட்டர்! எஞ்சினில் கொதிக்கிற தண்ணீர் இரண்டு ரப்பர் குழாய் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் போய் வரும். ஒரு குட்டி ஃபேன் அந்தச் சூட்டை நம் மேல் வீசும். எங்கள் எஸ்டேட் இருக்கிற ஏலப்பாறை மலையில், மார்கழிக் குளிரில், அது எப்பேர்ப்பட்ட சுகம் தெரியுமா? எஸ்டேட்டில் என் பெயரே ‘ஹீட்டர் கார் சார்’தான்.

போன மாதம் பாலக்காட்டுப் பக்கம் சொந்த ஊரான கொழிஞ்சாம்பாறைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்து, நின்றுகொண்டிருந்த என் காரின் மூஞ்சியைப் பெயர்த்துவிட்டது. ரேடியேட்டர் காலி. மட்கார்டு அப்பளம். எங்கள் ஊர் மெக்கானிக் பழனியப்பன் பத்து நாள் மெனக்கெட்டு, தட்டி, நிமிர்த்தி, பெயிண்ட் அடித்துப் புது மாப்பிள்ளை மாதிரி ஆக்கிக் கொடுத்தார்.

“ஏனுங்க, இனி எந்த ஏத்தத்துல போனாலும் உங்க வண்டி கொதிக்காதுங்க. அதுக்கு நானாச்சு!” என்றார் பெருமையாக. அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தேன்.

மலை ஏறியதும் ஹீட்டரைப் போட்டேன். ஜில்லென்று காற்று வந்தது. சரி, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம்... வேறென்ன?

ஆனால் அதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

விடிகிற நேரத்தில் தேயிலை ஃபேக்டரி ஃபிட்டர் வேலுச்சாமியின் மனைவி முத்துலட்சுமிக்கு எஸ்டேட் டிஸ்பென்சரியில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. ஏழே மாதம்! நர்ஸ் அன்னம்மா சிஸ்டர் ஓடி வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“சார், உள்ளங்கை அளவுதான் இருக்கு. கோட்டயம் பெரிய ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டி இருக்கு. அதுவரைக்கும் சூடு குறையக் கூடாது. இந்தக் குளிர்ல ஜீப்புல கொண்டுபோனா தாங்காது. உங்க கார்தான் வேணும்.”

என் கார்! ஜில்லென்று காற்று வீசுகிற என் ஹீட்டர் கார்!

குழந்தையைக் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார்கள். நான் காரை டிஸ்பென்சரி வாசலில் நிறுத்தினேன். வேலுச்சாமி பானெட்டைத் திறந்தார். தேயிலை காய வைக்கிற இயந்திரத்தின் சூட்டைக் கையால் தொட்டே சொல்கிற மனிதர்.

“ஒயர் விட்டுப்போயிருக்குமோ?” என்றேன்.

“ஃபேன் ஓடுதே சார். காத்து வருது, சூடுதான் வரமாட்டேங்கு.”

“அப்போ குழாயில் அடைப்பு?”

இரண்டு ரப்பர் குழாய்களையும் பிடித்துப் பார்த்தார். “அடைப்புன்னா ஒண்ணு சுடும், ஒண்ணு குளிரும்லா? ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. தண்ணி ஓடத்தான் செய்யுது சார். தண்ணியே சுடல!”

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது... தண்ணீர் ஏன் சுடவில்லை? ரேடியேட்டருக்குப் போகிற பெரிய குழாயைத் தொட்டார். அதுவும் அதே வெதுவெதுப்பு. சட்டென்று நிமிர்ந்தார்.

“உள்ள தெர்மோஸ்டாட்டு இல்ல சார்! எவனோ கழட்டிப் போட்டிருக்கான்!”

எவனோவா? எனக்குத் தெரியாதா? எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுக்கிற சின்ன மூடி அது. பாலக்காட்டு வெயிலில் எந்த மெக்கானிக்கும் முதலில் அதைத்தான் பிடுங்கி எறிவார். தண்ணீர் தடையில்லாமல் ஓடட்டும், வண்டி கொதிக்காமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணம். பழனியப்பன் எனக்குச் செய்தது உபகாரம். அந்த உபகாரம் ஒரு பச்சைக் குழந்தையை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. நல்ல மனதோடு செய்கிற காரியத்துக்கும் ஊர் பார்க்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

அந்த மூடிக்கு நான் எங்கே போவேன்? அதுவும் கோட்டயத்தில்தான் கிடைக்கும்.

“சார், சாக்கு இருக்கா?” என்றார் வேலுச்சாமி.

டிக்கியில், வண்டன்மேட்டில் ஏலக்காய் வாங்கிய சாக்கு ஒன்று கிடந்தது. அதை நாலாக மடித்து, ரேடியேட்டரின் முன்னால் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். குளிர்காற்று பட்டால்தானே தண்ணீர் ஆறும்? காற்றையே மறித்துவிட்டார்!

டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அசையவில்லை... அசையவில்லை... அசைந்தது! ஃபேனின் முன்னால் கையை நீட்டினேன். வெதுவெதுப்பு. அப்புறம் சூடு. நல்ல சூடு!

“சிஸ்டர்... வாங்க!” என்று நான் போட்ட கூச்சலில் லயத்து வீடுகளில் இருந்த ஜனம் முழுக்க வெளியே வந்துவிட்டது.

பின்சீட்டில் தாயும் குழந்தையும் சிஸ்டரும். முன்னால் நானும் வேலுச்சாமியும். குட்டிக்கானத்துக்கு முந்தைய ஏற்றத்தில் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது. கொதித்து நின்றுவிட்டால் நடுவழியில் அம்போதான். சாக்கை அவிழ்த்தால் குழந்தை குளிர்ந்துவிடும். என்ன செய்ய? வேலுச்சாமி இறங்கி, சாக்கில் பாதியை மட்டும் மடக்கிவிட்டார். முள் இறங்கியது. அடுத்த இறக்கத்தில் மறுபடி முழுசாக மூடினார். இப்படி மூன்று தடவை. எஞ்சின் சூடாகக் கூடாதே என்று சாமி கும்பிட்டுக்கொண்டேதான் இத்தனை வருஷமாய் மலைப்பாதையில் ஓட்டியிருக்கிறேன். சூடாக வேண்டுமே என்று வேண்டிக்கொண்டது அன்று ஒருநாள்தான்.

முண்டக்கயம் தாண்டியதும் சுள்ளென்று வெயில். சாக்கைக் கழற்றி எறிந்தோம். ஆனால் ஹீட்டரை நிறுத்த சிஸ்டர் விடவில்லை. நிறுத்த எங்களுக்கும் மனசு இல்லை. கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஹீட்டரையும் போட்டு, அந்த வெயிலில் கோட்டயத்துக்குள் நுழைந்த பைத்தியங்கள் நாங்களாகத்தான் இருப்போம்!

ஆஸ்பத்திரி வாசலில் தொப்பலாக நனைந்து இறங்கிய எங்களைப் பார்த்து, அங்கிருந்த நர்ஸ், “மலையில மழையோ?” என்று கேட்டார். பிறகு துணியை விலக்கி, குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“குட்டிக்கு நல்ல சூடுண்டு. பேடிக்கேண்டா.”

“என்ன சொல்றாங்க சார்?” என்றார் வேலுச்சாமி.

“குழந்தை நல்ல சூடாக இருக்கிறதாம். பயப்பட வேண்டாமாம்.”

“என்ன சார்?”

மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டார். மூன்றாவது தடவையும் சொன்னேன்.

வேலுச்சாமி ஏலப்பாறையிலேயே பிறந்து வளர்ந்தவர். மலையாளம் என்னைவிட அவருக்கு நன்றாகவே தெரியும்!