மருமகனுக்குப் போடாத கண்ணாடி

கண்ணாடிக்காரர் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. ஆனால் ஊரில் பாதிப் பேர் உலகத்தைப் பார்ப்பதே அவர் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி வழியாகத்தான். பெரிய டாக்டர் எழுதிய சீட்டையே, "நம்பர் இடிக்குதே, மறுபடி பாக்கச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பியவர். டாக்டரும் மறுபடி பார்த்து மாற்றித்தான் எழுதினார். தகரப் பெட்டியைத் தோளில் மாட்டித் தெருத்தெருவாக பிரேம் விற்றவர், நாற்பது வயதில் மூன்று மாடிக் கடைக்குச் சொந்தக்காரர். யார் தயவும் இல்லாமல் மேலே வந்த ஆள், பெருமை பேசினால் பேசிவிட்டுப் போகட்டும்.

அப்பேர்ப்பட்டவர் கண்ணாடி போட வேண்டிய ஒருவனுக்குப் போடாமல் விட்டார். அவன் தங்கை மகன். தகப்பன் இல்லாத பிள்ளை.

போர் மூண்டிருந்த நேரம். விமானப்படைக்கு மனுப் போட்டிருந்தவனை அவரே நாற்காலியில் உட்கார வைத்துச் சோதித்தார். வலது கண் பிசகில்லை. இடது கண் எழுத்து அட்டையின் கடைசி இரண்டு வரியில் திணறியது.

"அவ்வளவுதானா மாமா? போச்சா?"

"எப்படிடா போகும்? நான் எதுக்கு இருக்கேன்?"

படையின் பரிசோதனை அறையில் தொங்கியதும் அதே அச்சு அட்டைதான். விற்றதே அவர்தானே! அந்த இரண்டு வரிகளையும் பாட்டு மாதிரி ஒப்பிக்க வைத்தார். "கடகடன்னு சொன்னா சந்தேகம் வரும். நடுவுல ஒரு எழுத்துகிட்ட கொஞ்சம் முழி" என்று நடிப்பும் சொல்லிக் கொடுத்தார்.

"உங்க அஞ்சாம் கிளாஸ்ல இப்படி யாராவது சொல்லிக் குடுத்திருந்தா நீங்களும் பாஸாயிருப்பீங்க மாமா."

"பாஸாயிருந்தா எவன்கிட்டயாவது கைகட்டி நின்னிருப்பேன். போடா!"

தேறிவிட்டான். சீருடையில் அவன் எடுத்துக்கொண்ட படம் கடைச் சுவரில் ஏறியது. கண் காட்ட வந்தவர்கள் முதலில் அந்தப் படத்தைப் பார்த்து நாலு வார்த்தை புகழ்ந்த பிறகுதான் உட்கார முடியும்.

இருபத்தோரு வயதில் விமானத்தோடு கடலில் விழுந்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து, அன்று பக்கத்து விமானத்தில் பறந்த அவனுடைய நண்பன், கண்ணாடிக்காரரின் தங்கையைப் பார்க்க வந்தான். அவள் தேநீர் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இத்தனை நாள் மனசில் கிடந்ததை, கூட இருந்த கண்ணாடிக்காரர் கேட்டேவிட்டார்.

"எதிரி எந்தப் பக்கமிருந்து வந்தான் தம்பி?"

"இடது பக்கம் சார். ரேடியோவுல கத்தினேன். எங்கே, எங்கேன்னு கேட்டான். ஆனா அன்னைக்கு வெயில் அப்படிக் கூசிச்சு. எனக்கே கடைசியிலதான் தெரிஞ்சுது."

வெயில். அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருக்கலாம். இப்படி ஒரு வார்த்தைக்குத்தான் வருடம் முழுக்கக் காத்திருந்தார். வந்தபோது வாங்கிக்கொள்ள மனசு கூசியது.

"வெயிலோ என்னவோ, எனக்குத் தெரியாதும்மா" என்று தங்கை பக்கம் திரும்பினார். "அவனுக்கு இடது கண்ணு மங்கல்." அட்டையை மனப்பாடம் செய்ய வைத்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"தெரிஞ்சேதான் அனுப்பினியா அண்ணே?"

"தெரிஞ்சேதான்."

"ஒரு வருஷமா என்கூட உக்காந்து அழுதியே, அப்பவும்?"

"அப்பவும் தெரியும்."

அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "நீங்க சொல்லுங்க தம்பி, அங்கே அவன் நல்லாச் சாப்பிட்டானா?" என்று நண்பனைக் கேட்டாள்.

கண்ணாடிக்காரர் தங்கையின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.