பிரேக்குக்கு வந்த சீனி வருத்தம்

கண்டியில் அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காருக்கு வைத்தியம் தெரிந்தவர்கள்தான் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். எங்கள் காரின் பிரேக் மிதி இறுகிக்கொண்ட பிறகுதான் எனக்கு இது தெரியவந்தது.

காலையில் அது மரக்குற்றிபோல நிற்கும். ஏறி நின்று மிதித்தால்தான் அசையும். பத்து மைல் ஓடி எஞ்சின் சூடேறியதும் கொஞ்சம் இளகிவரும். அடுத்த நாள் காலைக் குளிரில் பழையபடி மரக்குற்றி. என் புடவைக்கடைக்கு வந்தவர்கள் சீத்தைத் துணியை விரித்துப் பார்க்குமுன் காரைப் பார்த்தார்கள். "கண்ணூறு பட்டிரிக்கி, பழைய செருப்பொண்டு கட்டுங்க" என்றார் ஒருவர். "சீமைக் காருக்கு நம்மட ஊர்க் குளிர் ஒத்துவராது" என்றார் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர். சீமையில் பனிக்கட்டியே விழுமாமே என்று கேட்டேன். "அது வேற குளிர்" என்றார். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்கத்தான் நான் கடையே திறந்து வைத்திருக்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். முழுப் பொய் என்று சொல்லமாட்டேன்.

எல்லாருக்கும் மேலே என் மச்சான், மனைவி 'நானா' என்று கூப்பிடும் அவள் அண்ணன். கார் ஓட்டியதில்லை. பின்சீட்டில் இருந்தபடியே முழுவதையும் கற்றுக்கொண்டவர். "நல்ல பிரேக் இறுக்கமாத்தான் இரிக்கும் மச்சான். லேசாப் போனா அது மலிவுச் சாமான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை கொழும்பில் மனைவியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். குடும்பத்தோடு கடுகண்ணாவை மலை இறக்கத்தில் இறங்கவேண்டும். காலடிப் பலகையைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். சங்கடமே அங்கேதான் இருந்தது.

எனக்குச் சீனி வருத்தம் என்று வைத்தியர் சொல்லி ஒரு வருஷம். அன்றே மனைவி சீனிப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். நானும் நல்ல பிள்ளையாக சீனியில்லாத வெறும் சாயத் தேத்தண்ணி குடித்தேன், வீட்டில். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அப்பால் ஒரு வீட்டில் கித்துள் மரத்துப் பதநீரை வெல்லப்பாகுபோலப் பாணியாகக் காய்ச்சுவார்கள். போகும்போதெல்லாம் ஒரு போத்தல் வாங்கி, காலடிப் பலகையின் ஓட்டை வழியாகக் கையைவிட்டு, மிதிகள் கோத்திருக்கும் இரும்புத் தண்டின் பக்கத்தில் செருகிவிடுவேன். திரும்பும்போது ஆற்றங்கரையில் நிறுத்தி இரண்டு மிடறு. ஒருநாள் பள்ளத்தில் கார் விழுந்து எழும்பியதில் போத்தல் உடைந்தது. கண்ணாடியைப் பொறுக்கி எறிந்தேன். பாணியைப் பொறுக்க முடியுமா? மிதி இறுகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பலகையைத் தூக்கினால் பிரேக் பிழைக்கும், நான் அகப்படுவேன். தூக்காவிட்டால் கல்யாண வீட்டுக்கு எங்கள் மௌத்துச் செய்திதான் முதலில் போகும்.

புதன்கிழமை காலை இறக்கத்தில் இரண்டு காலாலும் மிதித்தும் நிற்காமல், முன்னே போன மாட்டு வண்டியின் வைக்கோலில் கார் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு நின்றது. வண்டிக்காரர் இறங்கிவந்து, "நான் சொன்னா மாடு நிக்குது. உங்க காருக்கு யாருங்க சொல்லணும்?" என்று கேட்டார். அன்றே மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்தேன்.

அவர் முன்பு தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்த்தவர். பலகையைக் கழற்றி உள்ளே பார்த்தார். வாசற்படியிலிருந்து தண்டுவரை எறும்பு வரிசை. எறும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முதலாளி, வண்டிக்குச் சீனி வருத்தம் போல இருக்குங்க."

"மெல்லப் பேசுங்க" என்றேன்.

மனுஷன் விளங்கிக்கொண்டார். "பழைய கிரீஸுங்க, இறுகிப்போச்சு" என்று வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். கறை அசையவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த மச்சான் குனிந்து, விரலால் தொட்டு, முகர்ந்தார்.

"இது ஆமணக்கெண்ணெ. ரேஸ் காருக்கு இதத்தான் ஊத்துற."

வாசல் திரைக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "அப்ப எறும்பு என்னத்துக்கு வருது, நானா?"

"எறும்புக்கும் வயித்தக் கட்டியிரிக்கும், பேதிக்குக் குடிக்க வருது" என்றார் மச்சான்.

கொஞ்ச நேரத்தில் திரைக்கு வெளியே ஒரு கை நீண்டு, ஆவி பறக்கும் கேத்தலைப் படியில் வைத்தது.

"மண்ணெண்ணெ இதுக்குச் சரிவராது. வெந்நிய ஊத்தச் சொல்லுங்க."

மெக்கானிக் என்னைப் பார்க்காமல் ஊற்றினார். தவிட்டு நிறத்தில் தண்ணீர் வழிந்தது. பெருநாளைக்குக் கருப்பட்டி கரைத்து வட்டிலப்பம் அவிக்கும் வீடுபோல வாசல் முழுக்க மணத்தது. தண்டைத் துடைத்துக் காயவைத்து, மிதியை முன்னும் பின்னும் ஆட்டிப் புதுக் கிரீஸ் பூசினார். பிறகு பெருவிரலை வைத்தாலே மிதி இறங்கியது. மச்சானுக்குத்தான் திருப்தியில்லை. "இப்ப மலிவுச் சாமானாப் போச்சு" என்றார்.

மனைவி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வியாழனும் கேட்கவில்லை, வெள்ளியும் கேட்கவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

சனிக்கிழமை கடுகண்ணாவை இறக்கத்தில் பாணிப் போத்தல்களை அடுக்கி வைத்து ஒருத்தி விற்றுக்கொண்டிருந்தாள். பின்சீட்டுத் திரைக்குள்ளிருந்து, "நிப்பாட்டுங்க பார்ப்பம், பிரேக் பிடிக்குதாண்டு" என்றது குரல். போத்தல்களுக்கு நேரே அச்சடித்தாற்போல் நிறுத்தினேன். திரையை விலக்கி அந்தக் கை ஒரு போத்தலை வாங்கியது.

"கல்யாண வீட்டுக்கு" என்றாள்.

கார் புறப்பட்டதும் மச்சான், "அத ஏன் மடியில வெச்சிட்டிரிக்க? முன்னுக்கு மச்சான்ட காலடியில வெக்கலாமே" என்றார்.

"அந்த எடத்துல வெச்சா உடைஞ்சிரும், நானா."

கொழும்பு போய்ச் சேரும்வரை நான் பாதையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.