பேங்க் பட்ட கடன்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரை அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ‘ஒரு முழம்’ என்றுதான் சொல்வார்கள். முன்னால் நிற்கிற வண்டிக்கும் நமக்கும் நடுவே தேவைக்கு மேல் ஒரு முழம் இடம் விட வேண்டும் என்பது அவருடைய வேதவாக்கு. வண்டியோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. சட்டை ஒரு அளவு பெரிதாக எடுப்பார். எட்டு மணி ரயிலுக்கு ஆறரைக்கே போய் நிலையத்தைக் காவல் காப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் கிரெடிட் கார்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினார். நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போகிறது என்று முதலில் உடம்பு பிடித்துவிடும் நாற்காலி ஒன்றை வாங்கினார். அது ஹாலில் பாதியை விழுங்கிவிட்டது. நாற்காலியில் சாய்ந்தபடி பார்க்க எதுவும் இல்லையே என்று மீன்தொட்டி வந்தது. மீன்களுக்கு இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று யாரோ கொளுத்திப்போட, தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும், “இதுதான் கடைசி” என்றார்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கிற அவர் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். மீன் குடிக்கிற தண்ணீர் தான் குடிக்கிற தண்ணீரைவிடச் சுத்தம் என்று தெரிந்த அன்று பெட்டியைக் கட்டிவிட்டாள்.

“கார்டுல ஒத்தக் காசு பாக்கி இல்லைன்னு பேங்க்காரன் எழுதிக் குடுக்கட்டும். அன்னைக்கு வரேன்” என்று அக்கா வீட்டுக்குப் போனவள் போனவள்தான்.

மாஸ்டர் நொந்து நூலாகிவிட்டார். நாற்காலி இடுப்பைப் பிடித்துவிட்டது, வாஸ்தவம். ஆனால் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்க அதற்கு வாய் இல்லையே. அவள் இல்லாத வீடு அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஞாயிறு விடுமுறையை விட்டார். திருப்பம் வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு பல் டாக்டருக்கு விடியற்காலையில் தனி வகுப்பு எடுத்து, உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்தார். கெடு தேதிக்கு வெகு முன்னாலேயே கார்டுக் கடனை மொத்தமாகக் கட்டித் தீர்த்தார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. கடிதத்தோடு போய் அவள் எதிரே நிற்க வேண்டும் என்று ஆசை.

ஆனால் பழக்கம் எங்கே போகும்? எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு முழம் கூடவே கட்டிவிட்டார்.

பேங்க்கில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“கணக்கு பூஜ்யமா இருந்தாத்தான் சார் லெட்டர் வரும். உங்களுது பூஜ்யமா இல்லை.”

“நான்தான் முழுசாக் கட்டிட்டேனே!”

“நீங்க எங்களுக்குப் பாக்கி இல்ல சார். நாங்கதான் உங்களுக்குப் பாக்கி.”

பாக்கி என்றால் ஒரு டீயும் அரை பன்னும் வாங்குகிற காசு.

“அதை நீயே வச்சுக்கம்மா.”

“ஐயோ, வேலை போயிடும் சார்.”

“அப்ப திருப்பிக் குடு.”

“இவ்வளவு சின்னத் தொகையைத் திருப்பிக் குடுக்க வழி இல்ல சார்.”

“பின்னே என்னதான் பண்ணச் சொல்ற?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “கார்டைத் தேச்சு சரியா அந்தக் காசுக்கு ஏதாவது வாங்கிடுங்க. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.”

அரை பன் எவன் விற்பான்? டீக்கடைக்காரர் கார்டைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். சோப்பு கூடிப்போனது, தீப்பெட்டி குறைந்துபோனது. கடைசியில் எடை போட்டு விற்கிற காய்கறிக் கடைதான் கதி என்று மாஸ்டருக்கு உறைத்தது.

தராசுக்காரர் தக்காளியை அள்ளிப் போட்டார். கூடிற்று. ஒன்றை எடுத்தார், குறைந்தது. பெரியதுக்குச் சின்னதை மாற்றினார், மயிரிழை குறைந்தது. ஒரு பச்சை மிளகாயைச் சேர்த்ததும் மறுபடி கூடிவிட்டது. பின்னால் வரிசை அனுமார் வால் போல் நீண்டது.

“என்னய்யா, தங்கமா வாங்குறீங்க?” என்று ஒருவர் கத்தினார்.

மாஸ்டர் திரும்பி நின்று நடந்ததை எல்லாம் சொன்னார், மனைவி போனது உட்பட. சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அதன் பிறகு ஆளுக்கு ஆள் யோசனைதான். காம்பைக் கிள்ளச் சொன்னார்கள், கிள்ளிப் பார்த்தார். முதலில் கத்தியவரே முன்னால் வந்து, மிளகாயைப் பாதியாக ஒடித்துப் போட்டார். சரியாக நின்றது! கார்டைத் தேய்த்ததும் வரிசை முழுக்கக் கைதட்டியது. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கைபேசியில் செய்தி வந்தது. அவருடைய கார்டுக் கணக்கில் பணம் வரவு வைத்திருக்கிறார்களாம், நன்றியும் சொல்லியிருந்தார்கள். சின்னத் தொகை இல்லை. அவருக்குத் தலை சுற்றியது. சுதாரிப்பதற்குள் மனைவி கூப்பிட்டாள்.

“என்னங்க, கோவிச்சுக்காதீங்க. என் ஓவர்டைம் காசு மொத்தத்தையும் உங்க கார்டுக்குக் கட்டிட்டேன். வாய விட்டுட்டேன், வார்த்தைய மாத்த முடியல. ஆனா இனிமே அக்கா வீட்டுல என்னால இருக்க முடியாது. பாக்கி தீர்ந்துச்சான்னு பாருங்க. எனக்கு வீட்டுக்கு வரணும்.”

“பாக்கி இப்பதான் ஆரம்பிச்சிருக்கு” என்றார் மாஸ்டர் பரிதாபமாக.

“யாருக்கு?”

“பேங்க்குக்கு.” முழுக் கதையையும் சொன்னார். “லெட்டர் இப்போதைக்கு வராது போலிருக்கு.”

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

“தக்காளி எவ்வளவு இருக்கு?” என்று கேட்டாள் அவள்.

“ஆறு. ஒண்ணு ரொம்பச் சின்னது.”

“ரெண்டு பேருக்குப் போதும். மிளகாய் நான் வாங்கிட்டு வரேன்.”