மிடில் குமிழைத் திருப்பியது யார்

ஆந்திர எல்லையில் சத்தியவேடு பக்கத்து ஊர்க்காரன் தேவேந்திரன் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கேபிள் தொழிற்சாலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் எலக்ட்ரிக் கிதார் வாங்கினான். யாரோ பையனை ஏமாற்றித் தலையில் கட்டிவிட்டதாக அவன் நைனா சந்தேகப்பட்டார். சந்தேகப்படுவதில் மகனும் குறைந்தவனில்லை.

அவனுக்குப் பழைய த்ராஷ் மெட்டல் இசையில் பைத்தியம். கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி அடிக்கும்போது எழும் அந்த உறுமல் அப்படியே வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழை முழுசாக ஏற்றி, நடுத்தர ஒலிகளுக்கான மிடில் குமிழைப் பூஜ்யத்துக்கு இறக்கினான். இணையத்தில் அப்படித்தான் சொன்னார்கள். வீட்டில் தனியே வாசித்தபோது ஜன்னல் அதிர்ந்தது.

ஞாயிறுகளில் ஒத்திகை, தடா சாலையில் ஒரு காலி ஷெட்டில். ட்ரம்ஸ் கிரண்குமார். பேஸ் கிதார் சுமித்ரா, அதே தொழிற்சாலையில் வேலை செய்பவள். மூவரும் சேர்ந்து தொடங்கியதும் தேவேந்திரனின் கிதார் மட்டும் பஞ்சு அடைத்த மாதிரி அமுங்கிப்போகும். ஒத்திகை தொடங்கியதிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வாரம் முழுக்க ஷெட்டில்தான் இருக்கும், சாவி கிரணிடம். தன் ட்ரம்ஸ்தான் கேட்க வேண்டுமென்று அவன் ஏதோ செய்கிறான் என்று தேவேந்திரன் முடிவு கட்டினான்.

குமிழ்கள் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டான். ஒரு ஞாயிறு ஒத்திகை முடிந்து பார்த்தால், மிடில் பாதிக்கு ஏறியிருந்தது, கெயின் இறங்கியிருந்தது. ஆம்ப்ளிஃபயரை வீட்டுக்குக் கொண்டுபோகப் பைக்கில் கட்டினான். ஏன் என்று கிரண் கேட்டதற்கு, இங்கே எலி கடிக்கும் என்றான்.

"சாவி எங்கிட்ட கீது. அதனால அந்த எலி நானா?" என்றான் கிரண்.

அடுத்த வாரம் தேவேந்திரன் எல்லாக் குமிழ்களையும் பழையபடி வைத்து, யாரையும் கிட்டே விடாமல் வாசித்தான். சத்தம் மறுபடி அமுங்கியது. ஒயரில் கைவைத்திருப்பார்களோ என்று அதையும் கழற்றிப் பார்த்தான்.

சுமித்ராவுக்குப் பொறுக்கவில்லை. "போன வாரம் நீ டீ குடிக்கப் போனப்ப நாந்தான் திருப்புனேன். நீ வாசிக்கறது காதுல விழுந்தாத்தானே நான் கூட வர முடியும்? அன்னிக்கு ஒருநாள்தான் கேட்டுச்சு."

அன்று டீக்குப் பிறகு தன் கை நன்றாக ஓடியது என்றுதான் அவன் நினைத்திருந்தான். அவள் சொன்னதை நம்பாமல், வாசலில் போனை வைத்து, மூவரும் சேர்ந்து வாசிப்பதை இரண்டு விதமாகவும் பதிவு செய்தான். தன்னுடைய முறையில் கிதார் வெறும் இரைச்சல். அவளுடைய முறையில் ஒவ்வோர் அடியும் ரம்பம் இழுப்பதுபோல் தனித்து நின்றது. அவள் வைத்தபடி தனியே வாசித்தால் ஜலதோஷக் குரல்தான்; ட்ரம்ஸோடு சேர்ந்தால் அவன் தேடிய அதே உறுமல்.

"உம்மேல சந்தேகப்பட்டுட்டேன்டா," என்று கிரணிடம் நேராகச் சொன்னான்.

"பர்வாலேது," பரவாயில்லை, என்று தெலுங்கில் சொன்னான் கிரண். வீட்டில் தமிழ் பேசுகிறவன், கோபம் இருந்தால்தான் தெலுங்குக்கு மாறுவான்.

திருப்பதியில் ஒரு கல்லூரி விழாவில் மூவரும் வாசித்தார்கள். கடைசி வரிசை வரைக்கும் கிதார் கேட்டது. அதற்கடுத்த மாதம் கிரண் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனான். சம்பளத்துக்காகத்தான் போனானா என்று தேவேந்திரன் சுமித்ராவிடம் கேட்டான்.

"சம்பளம்தான். எல்லாத்துக்கும் உள்ள ஒண்ணு தேடிக்கினு இருக்காத," என்றாள்.

அவள் அதை யோசிக்காமல் உடனே சொன்னது அவனுக்குச் சரியாகப் படவில்லை.