ஏழு தாளில் ஒரு கை

பொம்மைப் படம் எடுக்கிற அந்த நிறுவனத்தில் அவளுக்கு 'இடைக்காரி' என்று பட்டப்பெயர். தலைமை ஓவியர் ஓர் அசைவின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் வரைந்து கொடுப்பார். நடுவில் வருகிற படங்களையெல்லாம் அவள் வரைய வேண்டும். முயல் தரையில் இருக்கும், அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும். தாண்டியது முழுக்க இவள் கைவேலை. பேரும் புகழும் தலைமை ஓவியருக்கு, முதுகுவலி இவளுக்கு. இருபது வருஷமாக, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசைமேல் குனிந்து கிடந்தவளிடம் ஒரு தாள்கூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை.

இந்த முறை வந்தது.

படம், போரில் சிதறிப்போகிற ஒரு வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது. அதில் ஒன்பது வயதுப் பெண்ணொருத்தி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். முதல் படத்தில் கைகள் சேர்ந்திருக்கின்றன. கடைசிப் படத்தில் பிரிந்திருக்கின்றன. நடுவில் ஏழு தாள்.

"என்னக்கா இது?" தலைமை ஓவியர் தாள்களை விரலிடுக்கில் செருகிப் படபடவென்று புரட்டிக் காட்டினார். "தம்பி கை நழுவணும். நீங்க வரைஞ்சதுல அந்தப் பொண்ணே விரலை விரிச்சு விட்டுடுது. நல்ல பிள்ளையை இப்படி வில்லி ஆக்கிட்டீங்களே!"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். "மாத்திடறேன் சார்."

இருக்கைக்கு வந்து தானும் புரட்டிப் பார்த்தாள். ஆமாம், விடுகிறாள். முதலில் சுண்டுவிரல், அப்புறம் மற்றவை. தான் அப்படி வரைந்தது அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

அவளுக்கும் ஒன்பது வயதில் ஒரு போர் இருந்தது. ஐந்து வயதில் ஒரு தம்பி இருந்தான். "கூட்டத்துல கை நழுவிடுச்சும்மா" என்று, தப்பித்து ஓடிய அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள். பையன் கிடைக்கவேயில்லை. அம்மா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வருஷமாக வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அதே பாட்டு: "இவ என்ன பண்ணுவா, சின்னப் பிள்ளை. கை நழுவிடுச்சு." மகளை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று அம்மா போட்ட காவல் அது. அந்தக் காவலுக்குள்தான் இவள் இத்தனை நாள் சோறு தின்றாள்.

அன்று மத்தியானம் மூன்று தடவை வரைந்தாள். கை நழுவவில்லை. யானையைக் குட்டிக்கரணம் போட வைத்தவளுக்கு ஒரு கையை நழுவவைக்கத் தெரியவில்லை. பார்த்திராததை எப்படி வரைவது? பழைய ஏழு தாளையே எடுத்துக்கொண்டு போய் நின்றாள்.

"இப்படியே இருக்கட்டும் சார். அவதான் விட்டா."

"எதுக்கு விடணும்?"

"தம்பி உக்காந்துட்டான். அவளுக்கு ஓடணும்."

தலைமை ஓவியர் அவள் முகத்தையே பார்த்தார். தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

படம் முடிந்ததும் வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஏதாவது சாக்குச் சொல்லி அம்மாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். கூட்டிக்கொண்டுதான் வந்தாள். இன்றைக்கு அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று யோசிக்கப் பார்த்தாள், ஒன்றும் ஓடவில்லை. அந்த இடம் வந்தது. அரை நொடி. போய்விட்டது.

வெளியே வந்ததும் அம்மா தலைமை ஓவியரைப் பிடித்துக்கொண்டாள். "இவளுக்கும் இப்படித்தான் சார், சின்ன வயசுல கை நழுவிடுச்சு."

அம்மா கண்ணுக்கு நழுவியதாகவே பட்டிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், ஆயுசுக்கும் தப்பித்தாள்.

"நழுவலைம்மா," என்றாள். "நான்தான் விட்டேன்."

தலைமை ஓவியர் மெல்ல நகர்ந்து போனார். அம்மா திட்டவில்லை, அழவில்லை. பஸ்ஸில் ஏறி, இரண்டு பேருக்கும் டிக்கெட் வாங்கி, மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப நீ அவன் முகத்தைப் பாத்திருப்பியே. அழுதானா?"

"இல்லம்மா. செருப்பு கழண்டுடுச்சு. 'இரு, மாட்டிட்டு வரேன்'னான்."