தோளைத் தட்டாதவன்

பேத்தமங்கலம் ஏரியில் பலகை விடும் யோசனை அவனுடையதுதான். சுரங்கத்தில் என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்தவன். இரண்டு லாரி டியூபுகளின் மேல் பலகையைக் கட்டி, ஒரு கழியில் என் வேட்டியைக் காற்றுப் பிடிக்கும் பாயாக விரித்தோம். எனக்கு நீச்சல் தெரியாது என்று பத்து தடவை சொல்லியிருந்தேன். "நான் இருக்கேன், ஏறுபா" என்றான்.

காற்று எங்களை நடு ஏரிக்குத் தள்ளியது. அங்கே பலகை படாரென்று விரிசல் விட்டது. சுரங்கத்தில் கூரையைத் தாங்கும் முட்டுமரம் அப்படிச் சத்தம் போட்டால் பக்கத்து ஆளின் தோளைத் தட்டிவிட்டுத்தான் ஓடுவோம். அது எங்கள் வழக்கம். இந்தப் புண்ணியவான் தட்டவில்லை. தண்ணீரில் குதித்து நீந்திப் போய்விட்டான். பலகை கவிழ்ந்தது. நான் டியூபைக் கட்டிப்பிடித்து, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துக் கரை சேர்ந்தபோது அவன் கரையில் கழற்றி வைத்திருந்த சட்டையிலிருந்து பீடி எடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மரம் கத்துச்சு, கால் தானா ஓடிச்சு. நான் இன்னா பண்ணட்டும்?" என்று சிரித்தான். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் காலை கேஜில், அந்த இரும்புக் கூண்டு லிஃப்டில், நெருக்கியடித்துக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கும்போது என் தோளில் கை வைத்தான். "இன்னாபா, இன்னும் கோவமா?"

உதறினேன். "இந்தக் கை நேத்து எங்கடா போச்சு?"